முழு விலைக்கு ஓர் ஆள்

அந்தக் கடைக்கு ஐந்து மாடி என்றுதான் ஊரே நினைத்துக்கொண்டிருந்தது. லிஃப்டில் ஐந்து வரைதான் பொத்தான் உண்டு. ஆறாவதாக ஒன்று இருப்பது கடை நிர்வாகத்துக்குத் தெரியும், சட்டத்துக்குத் தெரியும், அங்கே பதினாறு மாதமாக ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு விற்பனையாளருக்கும் தெரியும். அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. அதற்கு முன்னால் இருபத்துமூன்று வருடம் இரண்டாம் மாடியில் வாஷிங் மெஷின் விற்றவர். இப்போது கடையில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'பழைய விலை' என்றுதான் கூப்பிட்டார்கள். கேன்டீனில் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றால், "பழைய விலைக்கு வழி விடுங்கப்பா" என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே நகர்வார்.

ஆறாவது மாடி வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். கடைகள் எல்லாம் பாதிக்குப் பாதி தள்ளுபடி, முக்கால்வாசி தள்ளுபடி என்று பக்கம் பக்கமாக விளம்பரம் கொடுத்து வந்த காலத்தில், எந்த விலையிலிருந்து தள்ளினீர்கள் என்று யாரோ ஒரு வேலையற்றவர் கேட்டுவிட்டார். அரசாங்கத்துக்கு ரோஷம் வந்து ஒரு விதி போட்டது. எந்த விலையைக் கோடு போட்டு அடிக்கிறீர்களோ, அந்த விலையில் அந்தப் பொருள் முப்பது நாளாவது பொதுமக்கள் வந்து வாங்கக்கூடிய இடத்தில் இருந்திருக்க வேண்டும். கடைக்காரர்கள் ஒரு வாரம் தூங்கவில்லை. பிறகு விதியை இன்னொரு முறை படித்தார்கள், நன்றாகத் தூங்கினார்கள். பொதுமக்கள் வரக்கூடிய இடம் என்றிருந்தது. சுலபமாக வரக்கூடிய இடம் என்று இல்லை. பெயர்ப்பலகை வேண்டும் என்றிருந்தது. எவ்வளவு பெரியது என்று இல்லை. விற்பனையாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்றிருந்தது. அவர் விற்க வேண்டும் என்று எங்கும் இல்லை.

ஆக, ஐந்தாம் மாடியில் இறங்கி, காலி அட்டைப்பெட்டிகளை மிதித்துத் தட்டையாக்கும் இடத்தைத் தாண்டி, தீ விபத்து வழி என்று எழுதிய கதவைத் திறந்து, இரும்புப் படியில் ஏறினால், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் அறை. கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பலகை: 'முழு விலைப் பிரிவு. அனைவரும் வருக.' உள்ளே பதினான்கு பொருள், ஒரு டியூப்லைட், ஒரு நாற்காலி. கடைக்காரன் இருபத்துநாலாயிரத்துக்குச் சந்தோஷமாக விற்கக்கூடிய மெஷின், அறுபதாயிரம் என்று கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு முப்பது நாள் அங்கே உட்காரும். முப்பத்தோராம் நாள் அறுபதாயிரத்தின் மேல் ஒரு கோடு விழும், மெஷின் கீழே இறங்கும். அறுபது சதவீதத் தள்ளுபடி. பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுபவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அதற்கென்று தனி மாடி கட்டி, மின்விசிறியும் போட்டு, சம்பளத்துக்கு ஆளும் வைத்தவர்கள் இவர்கள்தான்.

அந்த வேலைக்கு அவரைத் தேர்ந்தெடுத்த அன்று மேலாளர் அவரைத் தம் அறைக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, டீயும் வரவழைத்தார். இருபத்துமூன்று வருடத்தில் அந்த அறையில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"விக்கிறதுக்கு யார் வேணும்னாலும் வருவாங்க. விக்காம இருக்கத்தான் ஆள் கெடைக்கல," என்றார் மேலாளர். "உங்க முகத்துல ஒரு நேர்மை இருக்கு. அதைப் பாத்தா யாருக்கும் எதையும் வாங்கணும்னு தோணாது."

நேர்மை என்ற சொல்லில் அவர் கொஞ்சம் நெகிழ்ந்துபோனார். மேலாளர் மேலே சொன்னார். "நாம பொய் சொல்ற கடை இல்ல. அறுபதாயிரம்னு சொன்னா அது முப்பது நாள் அறுபதாயிரமாவே இருந்திருக்கு. ஒரு நிமிஷம் கூடக் கொறையாம இருந்திருக்கு. வெறும் பொய்க்கு யாராவது இவ்வளவு வாடகை குடுப்பாங்களா?"

அவரும் யோசித்துப் பார்த்தார். கொடுக்க மாட்டார்கள் என்றுதான் பட்டது. ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். ஆறாவது மாடியில் நடப்பதை வெளியே சொல்லக் கூடாது. ஒரு பொருள் நாளைக்கு என்ன விலைக்கு இறங்கும் என்று எந்த வாடிக்கையாளரிடமும் சொல்லக் கூடாது. சொன்னால் அன்றே வேலை போகும், சேர வேண்டிய எதுவும் சேராது.

வேலை கடினமில்லை. வருகிறவர்களைப் பதிவேட்டில் எழுத வேண்டும். முதல் மாதம் ஒருவர் வந்தார், கழிப்பறையைத் தேடி. மூன்றாம் மாதம் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் வந்தார். மனைவி கீழே திரைச்சீலை பார்த்துக்கொண்டிருப்பதாகவும், அது முடிய நேரமாகும் என்றும் சொல்லி, முழு விலை சோஃபாவில் படுத்துத் தூங்கினார். அதன் பிறகு அவர் நான்கு முறை வந்தார். பதிவேட்டில் 'வருகையின் நோக்கம்' என்ற இடத்தில் நம்மவர் ஒவ்வொரு முறையும் 'உறக்கம்' என்று எழுதினார். பொய் எழுதுவது அவருக்குப் பழக்கமில்லை.

ஆண்டுக் கூட்டத்தில் அவருக்கு விருது கொடுத்தார்கள். பன்னிரண்டு மாதமும் ஒன்று கூட விற்காமல் காத்ததற்காக ஒரு கேடயம். ஐநூறு பேர் கை தட்டினார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுபோனால் மனைவி எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவாள் என்று, ஆறாவது மாடியில் ஒரு ஃபிரிட்ஜின் மேலேயே வைத்திருந்தார். முப்பத்தோராம் நாள் ஃபிரிட்ஜ் கீழே இறங்கியபோது கேடயமும் அதோடு இறங்கிவிட்டது. ஃபிரிட்ஜ் வாங்கினால் கேடயம் இலவசம் என்று மாலைக்குள் விளம்பரமும் ஒட்டியாயிற்று. ஒரு குடும்பம் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனது.

வீட்டு விஷயத்துக்கு வருவோம். மூன்றாம் மாடியில் இரண்டு அறை. அவர், அவர் மனைவி, இரண்டு வருடமாகப் படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமனார். மாமனாருக்கு ஒரு நாளைக்கு மூன்று விரிப்பு மாற்ற வேண்டும், சில நாள் நாலு. அத்தனையையும் மனைவிதான் கையால் துவைத்தாள். போன மழைக்காலத்தில் சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்து, உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். அதற்குப் பிறகு வலது கையால் பிழிய வரவில்லை. விரிப்பைக் குழாயில் ஒரு சுற்றுச் சுற்றி, இடது கையால் முறுக்குவாள். முறுக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வாள். அந்தச் சத்தம் அடுத்த அறையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கும் அவருக்குக் கேட்கும்.

ஊருக்கெல்லாம் ஆயிரக்கணக்கில் வாஷிங் மெஷின் விற்றவர் வீட்டில் ஒரு வாஷிங் மெஷின் இல்லை. காரணம் சோம்பல் இல்லை. கடையின் விதிப்படி ஊழியரோ அவர் குடும்பத்தாரோ தள்ளுபடியில் வாங்கக் கூடாது. தள்ளுபடி வாடிக்கையாளருக்குக் கடை தரும் பரிசு. பரிசைக் கொடுப்பவனே எடுத்துக்கொள்ளலாமா? ஊழியருக்குத் தனிச் சலுகை உண்டு, ஐந்து சதவீதம். அது முழு விலையில் ஐந்து சதவீதம். ஊரார் இருபத்துநாலாயிரத்துக்கு வாங்கும் மெஷின் அவருக்கு ஐம்பத்தேழாயிரம். சரி, வேறு கடையில் வாங்கலாம் என்றால், ஊழியர் வீட்டு வாசலில் எதிரிக் கடை வண்டி நிற்பது குடும்ப மானத்தை ஏலம் விடுவதற்குச் சமம் என்று ஒரு சுற்றறிக்கை இருந்தது. அப்படி வாங்கிய ஒரு காசாளர் இப்போது கடையில் இல்லை.

"பொறு, வாங்கிடலாம்," என்பார் அவர். அவளும் பொறுத்தாள்.

ஆறாவது மாடிக்குத் தன்னைத் தலைமையாகப் போட்டிருக்கிறார்கள் என்று மட்டும் அவளிடம் சொல்லியிருந்தார். தலைமைக்குக் கீழே யாரும் இல்லை என்பதைச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும், "இன்னைக்கு எத்தனை போச்சு?" என்று கேட்பாள். முதலில் இரண்டு, மூன்று என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அதுவும் அலுத்துப்போய், ஒன்றும் போகவில்லை என்று உண்மையைச் சொல்ல ஆரம்பித்தார். தினமும் அதே பதில். அவள் கேட்பதை நிறுத்திக்கொண்டாள். புருஷனுக்குக் கைராசி போய்விட்டது என்று அவளாகவே முடிவுசெய்து, அவர் மனம் நோகாமல் பார்த்துக்கொண்டாள்.

இந்த நேரத்தில் விதி திருத்தப்பட்டது. முப்பது நாள் வைத்திருந்தால் மட்டும் போதாதாம். அந்த முப்பது நாளுக்குள் உண்மையான வெளியாள் ஒருவராவது முழு விலையைக் கொடுத்து வாங்கியிருக்க வேண்டும். அந்த விற்பனையைக் கண்காணிப்பு ஆணையத்தின் ஆய்வாளர் நேரில் பார்க்க வேண்டும். பார்த்த பிறகு வாங்கியவர் வீட்டுக்கும் போய், உண்மையில் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று சரிபார்க்க வேண்டும்.

கடைக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. புது மாடல் வாஷிங் மெஷின் ஆறாயிரம் எண்ணிக்கை கிடங்கில் வந்து இறங்கிவிட்டது. அவற்றில் ஒன்று அறுபதாயிரம் அட்டையோடு ஆறாவது மாடிக்கும் ஏறிவிட்டது. முழுப் பக்க விளம்பரமும் அச்சுக்குப் போய்விட்டது. மேலாளர் ஆறாவது மாடிக்கு முதல் முறையாக மூச்சு வாங்க ஏறி வந்தார். கதவுப் பலகையைப் பெரிதாக்கினார்கள், லிஃப்ட் வாசலிலிருந்து அம்புக்குறி ஒட்டினார்கள். ஜனங்கள் வந்தார்கள். அட்டையைப் பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள், ஒருவர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். நம்மவர் விற்கத்தான் முயன்றார். ஆனால் பதினாறு மாதப் பழக்கம், வாயைத் திறந்தால் "யோசிச்சு வாங்க சார்" என்றுதான் வந்தது.

இருபத்தேழாம் நாள் ஆய்வாளர் வந்து, மடக்கு நாற்காலி ஒன்றைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மெலிந்த மனிதர், தொடையில் அட்டையும் படிவமும். முப்பதாம் நாள் மாலைக்குள் ஒன்றாவது போகாவிட்டால் மாடியை மூடிவிட்டு நம்மவரையும் வீட்டுக்கு அனுப்புவதைத் தவிரத் தமக்கு வழியில்லை என்று மேலாளர் சொல்லிவிட்டார். ஐம்பத்திரண்டு வயதில், விற்காமல் இருந்த அனுபவம் உள்ளவருக்கு வேறு எங்கே வேலை கிடைக்கும்?

அன்று சாயங்காலம் அவர் மனைவியிடம் அதைச் சொன்னார். வேறு எதையும் சொல்லவில்லை, அதை மட்டும். ஒன்று போனால் போதும் என்றும், அது வெளியாளாக இருக்க வேண்டும் என்றும், ஊழியர் சலுகையில் வாங்கினால் கணக்கில் வராது என்றும் சொன்னார். அவள் அப்பாவுக்கு முதுகு துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"சலுகையில அம்பத்தேழு. இல்லாம அறுபது. மூவாயிரம்தானே கூட?" என்றாள்.

ஆமாம் என்று சொல்லிவிட்டு அவர் காலைக் கழுவப் போனார்.

முப்பதாம் நாள் மத்தியானம். ஆய்வாளர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரும்புப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு பெண்மணி, வெளியே போவதற்கென்று வைத்திருக்கும் உடையில், அக்குளில் கைப்பையை இடுக்கிக்கொண்டு, வலது கையைத் துணிக்குள் மறைத்தபடி வந்து நின்றாள். நேராக வாஷிங் மெஷின் பக்கத்தில் போனாள்.

"ஐயா, இது என்ன விலைங்க?"

இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அவள் அவரை ஐயா என்று கூப்பிட்டதில்லை.

"அறுபதாயிரம்மா," என்றார்.

"சரிங்க. ஒண்ணு குடுங்க."

அறையில் இருந்த மூன்று ஆண்களும் மூச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் வேறு காரணத்துக்காக.

"நாளைக்கு வந்து பாருங்கம்மா," என்றார் அவர். "அவசரப்படாதீங்க. நாளைக்கு வந்தா கீழயே..."

மேலாளர் கை அவர் தோளில் வந்து உட்கார்ந்தது. ஆய்வாளர் படிவத்திலிருந்து தலையைத் தூக்கி, என்ன சொல்கிறார் என்று கேட்டார். கீழேயே டெலிவரி எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்கிறார் என்றார் மேலாளர்.

"நாளைக்கெல்லாம் முடியாதுங்க," என்றாள் அவள். "கை வலிக்குது."

ஆய்வாளர் எழுந்து வந்து, யாராவது வற்புறுத்தியதால் வாங்குகிறீர்களா என்று முறைப்படி கேட்டார். அவள் கொஞ்சம் யோசித்து, கைதான் வற்புறுத்துகிறது என்றாள். ஆய்வாளர் 'இல்லை' என்று எழுதிக்கொண்டார்.

பில் புத்தகம் பதினாறு மாதமாகத் திறக்கப்படவில்லை. கார்பன் தாள் பக்கத்தோடு ஒட்டியிருந்தது. அவர் அதை நகத்தால் பிரித்தார். பெயர் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நின்றார். கேட்டுத்தான் எழுத வேண்டும் என்று ஆய்வாளர் ஞாபகப்படுத்தினார்.

"பேர் சொல்லுங்கம்மா."

அவள் தன் பெயரைச் சொன்னாள். எழுதினார். விலாசம் கேட்டார். அவருடைய வீட்டு விலாசத்தை, கதவு எண்ணோடு, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அதையும் எழுதினார். பையிலிருந்து பணத்தை எடுத்து வைத்தாள். அவர் எண்ணினார். எண்ணும்போது அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. கோபம் இல்லை, அழுகை இல்லை. ஊசி போட்ட பிறகு பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பதைப் போல இருந்தது.

அவள் போன பிறகு மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த ஒரு தாயின் நம்பிக்கைதான் இந்தக் கடையின் அஸ்திவாரம் என்றார். மேலே இருந்த விலை நிஜம்தான் என்று ஒரு ஜீவன் நம்பி வாங்கியதால்தான் கீழே ஆறாயிரம் பேருக்கு மலிவு கிடைக்கப்போகிறது என்றார். ஆய்வாளரும் உணர்ச்சிவசப்பட்டிருந்தார்.

"மக்கள் எங்களைத் தப்பா புரிஞ்சுக்கிறாங்க," என்றார் அவர். "விலை உண்மையா இருக்கணும்னு ஆணையம் எப்பவும் கேட்டதில்ல. உண்மைக்கு ஒரு பில் இருக்கணும், அவ்வளவுதான்."

நம்மவர் வீட்டுக்குப் போனபோது மனைவி முகம் மலர்ந்திருந்தது. பயந்துபோனீர்களா, நன்றாக நடித்தேனா என்று கேட்டாள். பணம் ஏது என்று கேட்டார். வளையல்களை விற்றதாகச் சொன்னாள். தையல் வேலையில் சேர்த்து வைத்திருந்ததையும் போட்டாளாம்.

"தகடு வெச்சதுலேர்ந்து அது கையில ஏறவே இல்ல. பெட்டிக்குள்ள கெடந்து என்ன பண்ணும்?" என்றாள். பிறகு, "இனிமே மாடியை மூட மாட்டாங்கல்ல?" என்றாள்.

மூட மாட்டார்கள் என்றார். அதுவரைக்கும் அது உண்மை.

மறுநாள் காலையில் மெஷின் வந்தது. சுமந்து வந்தவர்கள் இரண்டாம் மாடித் திருப்பத்தில் சுவரில் இடித்து, பக்கவாட்டில் விரல் நீளத்துக்குக் கீறிவிட்டார்கள். சுவரின் நீல வர்ணம் கீறலில் ஒட்டிக்கொண்டது. மெஷினுக்கு முன்பே பேப்பர் வந்திருந்தது. முன்பக்கம் முழுக்க அதே மெஷின். அறுபதாயிரத்தின் மேல் சிவப்புக் கோடு. கீழே இருபத்துநாலாயிரம். அடியில் எறும்பு எழுத்தில், முழு விலை விற்பனை ஆய்வாளர் முன்னிலையில் உறுதிசெய்யப்பட்டது என்று பில் எண்ணும் போட்டிருந்தது.

அவள் கையில் பில் இருந்தது. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நம்ம பில்தான் என்றாள். அவர் ஆமாம் என்றார். உங்களுக்குத் தெரியுமா என்று அவள் கேட்கவில்லை. நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க என்று அவர் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். தரை சமமில்லாததால் மெஷின் ஒரு காலில் ஆடிக்கொண்டிருந்தது. பேப்பரை எட்டாக மடித்து அந்தக் காலுக்கு அடியில் கொடுத்தாள். ஆட்டம் நின்றது.

இரண்டு நாள் அந்த வீட்டில் மெஷின் ஓடியது. அவள் முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடி வழியாக விரிப்புகள் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். வலது கை மடியில் சும்மா கிடக்கும். உள்ளே அவள் அப்பா, அது என்ன சத்தம் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

மூன்றாம் நாள் அவருக்கு வார விடுமுறை. ஆய்வாளர் வீட்டுக் கதவைத் தட்டியபோது, நம்மவர் பனியனோடு, வாயில் இரண்டு கிளிப்பைக் கடித்துக்கொண்டு, விரிப்பை உலர்த்திக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் கிளிப்பை எடுத்தார். மறைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கடையின் தொழில். அதை வீட்டிலும் செய்ய அவருக்குத் தெம்பு இல்லை.

"இவ என் மனைவி சார்," என்றார். "அது விற்பனையே இல்ல. கேன்சல் பண்ணிட்டுப் பணத்தைக் குடுத்துடச் சொல்லுங்க. வேலை போனாப் போகட்டும்."

ஆய்வாளர் முக்காலியில் உட்கார்ந்து படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார். வெகுநேரம் புரட்டினார். வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"வாங்கினவங்க இருக்காங்களான்னுதான் கேட்டிருக்கு. இருக்காங்க," என்றார். "வித்தவரை நான் கடையிலயே பாத்தாச்சு. ஒருத்தரையே ரெண்டு தடவை பாக்கச் சொல்லி விதி இல்ல. அதனால உங்களை நான் இங்க பாக்கல."

குடும்பத்தார் வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறதே என்று அவர் கேட்டார். அது தள்ளுபடியில் வாங்கக் கூடாது என்ற விதி, இந்தப் பெண்மணி தள்ளுபடியே வாங்கவில்லையே என்றார் ஆய்வாளர். ஆனாலும் மனசு கேட்காமல் மேலாளருக்குப் போன் செய்தார். அரை மணி நேரத்தில் மேலாளர் ஒரு பழக்கூடையோடு வந்து சேர்ந்தார். மாமனாரின் கட்டில் அருகில் போய் நின்று நலம் விசாரித்தார். கிழவர் மேலாளரை டாக்டர் என்று நினைத்து நாக்கை நீட்டிக் காட்டினார்.

மேலாளர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெஷினைத் திருப்பிக் கொடுக்கலாம், தாராளமாகக் கொடுக்கலாம் என்றார். ஆனால் திருப்பிக் கொடுத்தால் இன்றைய விலைதான் கிடைக்கும், இன்றைய விலை இருபத்துநாலாயிரம் என்றார். அதைச் சொல்லிவிட்டு, தாம் கல் நெஞ்சக்காரர் இல்லை என்பதால் இன்னொரு வழியும் வைத்திருப்பதாகச் சொன்னார்.

"அம்மா மாதிரி நம்பிக்கையான முகம் எங்களுக்குத் தேவைப்படுது. மாசம் ஒரு நாள் ஆறாவது மாடிக்கு வந்து ஒரு பொருள் வாங்கணும். எங்க பணம்தான், நீங்க கையில வாங்கி கவுன்டர்ல வெச்சாப் போதும். மறுநாள் பொருள் திரும்பக் கடைக்கு வந்துடும். வாங்கணும்னுதான் விதி சொல்லுது, வெச்சுக்கணும்னு சொல்லல." ஆய்வாளரைப் பார்த்தார். ஆய்வாளர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். "சம்பளம் மாசம் மூவாயிரம். இருபது மாசத்துல அறுபதாயிரமும் உங்க கைக்கு வந்துடும்."

அவளுடைய பணத்தையே அவளுக்குச் சம்பளமாகக் கொடுக்கிறார்கள் என்பது அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அவளுக்கு முன்பே புரிந்துவிட்டது. மெஷின் என்ன ஆகும் என்று கேட்டாள். அதுவும் கடைக்கு வந்துவிடும், அதுதானே நியாயம் என்றார் மேலாளர். இவர் வேலை என்ன ஆகும் என்று கேட்டாள். நிரந்தரம் என்றார். அவள் கணவனைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தார். உள்ளே அவள் அப்பா, விரிப்பு நனைந்துவிட்டது என்று குரல் கொடுத்தார். அவள் எழுந்து போய்விட்டு, ஈர விரிப்போடு திரும்பி வந்து, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டாள். இடது கையால்தான் போட்டாள்.

மெஷினைத் தூக்கிப் போனவர்கள் இந்த முறை எங்கும் இடிக்கவில்லை. மடித்த பேப்பர் மட்டும் தரையில் கிடந்தது. குழாயடியில் விரிப்பு முறுக்கும் சத்தமும் பல் கடிக்கும் சத்தமும் பழையபடி கேட்க ஆரம்பித்தன. காலையில் சீக்கிரம் எழுந்து ஊறப்போடுவதையாவது தான் செய்வதாக அவர் ஏற்றுக்கொண்டார். கடையில் சம்பளம் சரியாக வந்தது, யாருக்கும் எந்தக் குறையும் இல்லை.

அடுத்த மாதம் முப்பதாம் நாள். ஆறாவது மாடியில் பதினான்கு பொருள். நடுவில் ஒரு வாஷிங் மெஷின், புதிதாக டேப் ஒட்டி, எழுபதாயிரம் என்று அட்டை மாட்டி. பக்கவாட்டில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல், கீறலில் நீல வர்ணம். மாதத் தொடக்கத்தில் அதை அங்கே இறக்கியபோதே அவர் பார்த்துவிட்டார். சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைக்கப் பார்த்தார், கனமாக இருந்தது.

செருப்புச் சத்தம் கேட்டது. அவள் வந்தாள். மிக்ஸி ஒன்று வாங்குவதாகத்தான் ஏற்பாடு. அவள் மிக்ஸியைத் தாண்டிப் போய் மெஷினின் முன்னால் நின்றாள். கீறலை விரலால் ஒரு முறை தடவினாள். மூடியின் மேல் வலது உள்ளங்கையை வைத்தாள், வைத்த கையை எடுக்கவில்லை.

"ஐயா, இது என்ன விலைங்க?"

"எழுபதாயிரம்மா."

ஆணையம் படிவத்தில் புதிதாக ஒரு கேள்வியைச் சேர்த்திருந்தது: வாங்குபவருக்கு இந்தப் பொருள் உண்மையாகவே தேவைப்பட்டதா? ஆய்வாளர் அந்தக் கேள்வியில் பேனாவை வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். மூடியின் மேலிருந்த கையைப் பார்த்தார்.

"என் சர்வீஸ்ல இவ்வளவு மனசோட ஒருத்தங்க பொருள் வாங்கி நான் பாத்ததே இல்ல," என்று மேலாளரின் காதில் சொன்னார். 'ஆம்' என்று எழுதி, அடியில் கோடும் போட்டார்.

நம்மவர் பில் புத்தகத்தைத் திறந்து கார்பன் தாளை வைத்தார்.

"பேர் சொல்லுங்கம்மா."

அவள் பெயரைச் சொன்னாள். பிறகு, ஏற்பாட்டில் இல்லாத ஒன்றையும் சொன்னாள்.

"கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கய்யா. வீட்டுல துணி ஊறுது."

அவருக்குத் தெரியும். காலையில் ஊறப்போட்டது அவர்தான்.